இரண்டு கருப்புப் புள்ளிகள்

போன வாரம் என் மகளுக்கு இரண்டாம் வருடத் தேர்வு முடிவு வந்தது. வந்தது என்றால் என்ன, தோசையைப் பிய்த்து வாயில் வைத்தபடியே இடது கையால் போனைத் தள்ளிப் பார்த்தவள், "எய்ட் பாயின்ட் நைன் அப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த வாய்க்குச் சட்னி தொட்டுக்கொண்டாள். அவ்வளவுதான். அடுப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்த நான் இரண்டடி பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தேன். தேர்வு முடிவு என்று காதில் விழுந்தால் போதும், என் உடம்பு ஒதுங்குவதற்கு இடம் தேடும். "கைக்குப்பா டென்ஷன்? பாஸ்தான்" என்று சிரித்தாள். ஹைதராபாத்தில் வளர்ந்தவள், எதுக்கு என்பது அவள் வாயில் 'கைக்கு'. பாஸா ஃபெயிலா என்பது என் கவலையே இல்லை. யாரோ யாரையோ அடிக்கப்போகிறார்கள் என்பதுதான்.

அவளுடைய சாதிச் சான்றிதழைப் புதுப்பிக்க என் பள்ளிக்கூட டிசி வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அன்று மாலை பரணிலிருந்து என் பிளாஸ்டிக் ஃபைலை இறக்கினேன். உள்ளே உறை உறையாக இருக்குமே, அந்த வகை. மூன்றாவது உறையில் டிசி கிடைத்தது. 'ஒன்பதாம் வகுப்பு, இடையில் நின்றது.' கடைசி உறையில் ஒரு தாள் இருந்தது. இழுத்தால் வரவில்லை, உறையோடு ஒட்டிப்போயிருந்தது. அதை அப்போதைக்கு விட்டுவிட்டேன். நீங்களும் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள், அதற்குத் திரும்ப வருகிறேன்.

டிசியை முகர்ந்து பார்த்தேன். கேவலமான பழக்கம்தான், ஆனால் எந்தக் காகிதம் கையில் வந்தாலும் முகர்ந்துவிடுவேன். பரண் தூசி வாசனையைத் தவிர எதுவும் இல்லை. ஆனாலும் எனக்கு சைக்கிள் ட்யூப் வாசனை அடித்தது. லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு முழ நீளத்துக்கு அறுத்த பழைய ட்யூப் தொங்கும். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். காட்பாடிக்காரர், கோபம் வந்தால் கத்த மாட்டார். மெதுவாகச் சட்டையைக் கழற்றி மாட்டுவார். அப்புறம்தான் கதவுப் பக்கம் கை போகும். ஒன்பதாம் வகுப்புக் காலாண்டில் கணக்கில் நான் ஏழு வாங்கினேன். "இன்னாடா இது, ஏயா?" என்றார். ஏழு அடியோடு நிற்பார் என்று முட்டாள்தனமாக நம்பினேன். முதுகில் ரப்பர் பட்ட இடமெல்லாம் தடித்து, படுக்க முடியாமல் ஒரு வாரம் குப்புறக் கிடந்தேன். அதற்குப் பிறகு வினாத்தாளைக் கையில் வாங்கினாலே வாந்தி வரும். வாந்தி எடுத்தால் வெளியே அனுப்புவார்கள். வெளியே வந்தால் ஃபெயில், ஃபெயிலானால் ட்யூப். இந்தச் சுற்று நான்கு மாதம் ஓடியது. "நீ பட்ச்சி கியிச்சது போதும்" என்று அப்பாவே ஒருநாள் பள்ளிக்கு வந்து நிறுத்திவிட்டார். அன்றோடு ட்யூபுக்கு வேலை போயிற்று. படிக்காதவனை மார்க்குக்காக எப்படி அடிப்பது?

இப்படியாக, தேர்விலிருந்து தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்த நான், பத்தொன்பது வயதில் போய் நின்ற இடம் ஓர் இன்ஜினியரிங் கல்லூரியின் வாசலுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடை. முதலாளி யாதகிரி அண்ணா. அவர் கவுன்ட்டரில், நான் மிஷினில். சூடான தாளும் டோனரும் சேர்ந்து ஒரு வாசனை வரும், கருகிய பால் மாதிரி. டிசம்பர் குளிரில் புதிதாக வந்த தாள்களை அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொள்வேன். கல்லூரிக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. ஆனால் அதன் பாடங்கள் அத்தனையும் என் கை வழியாகத்தான் உள்ளே போயின. ஒரு பாடத்தை அதன் கனத்தை வைத்தே சொல்லிவிடுவேன். மூன்றாம் செமஸ்டர் கணக்கு என்றால் அறுபத்திரண்டு தாள், நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு காபிக் கறை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் தெரியாது.

தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ரெகுலேஷன். பல்கலைக்கழகம் சில வருடங்களுக்கு ஒருமுறை பாடத்திட்டத்தை மாற்றும். பாடத்தின் பெயர் அதேதான், உள்ளே இருக்கும் யூனிட்டுகள் வேறு. புது மாணவர்களுக்குப் புது ரெகுலேஷன். பழைய பேட்ச்சில் ஃபெயிலாகி மறுபடி எழுதுகிறவர்களுக்குப் பழையது. ஒரே காலை, ஒரே பெயர், இரண்டு வினாத்தாள். கடைக்கு யார் வந்தாலும் பெயரைக்கூடக் கேட்காமல் முதலில் "எந்த ரெகுலேஷன்?" என்றுதான் கேட்போம். மாற்றிக் கொடுத்துவிட்டால் ஒருவனுடைய வருடமே போய்விடும் என்று யாதகிரி அண்ணா சேர்ந்த முதல் நாளே சொல்லியிருந்தார். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பயந்து பயந்து ஓர் ஏற்பாடு செய்தேன். மூலப்பிரதிகளின் வலது மூலையில் ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைத்தேன். பழைய ரெகுலேஷனுக்குச் சிவப்பு, புதியதற்கு நீலம். ஒவ்வொரு தாளிலும். இரண்டு நாள் பிடித்தது. யாதகிரி அண்ணா பார்த்துவிட்டு, "பொட்டு வெக்கிறியா? பூவும் வெச்சிடு" என்றார்.

அந்தக் கல்லூரியில் பிரபா என்று ஒரு மாணவன். திருமுல்கேரியில் வீடு. அப்பா ராணுவ அலுவலகம் ஒன்றில் ஹெட் கிளார்க், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பிரபா தெலுங்கில் சண்டை போடுவான், ஹிந்தியில் கெஞ்சுவான், என்னிடம் மட்டும் தமிழ். "ஏலே பக்கம் நம்பரு" என்றுதான் கூப்பிடுவான். நான் தாள்களை மூன்று முறை எண்ணுவதைப் பார்த்து வைத்த பெயர். நல்லவன்தான். ஆனால் கை முந்திவிடும். ஒருமுறை வரிசையில் ஒருவன் இவனை இடித்துக்கொண்டு முன்னால் புகுந்தான். "நக்கோ பாய்", வேண்டாம் என்று ஒருதரம் சொன்னான் பிரபா. அடுத்த நொடி அவன் தலைமுடியைப் பிடித்து ஷட்டரின் இரும்பு ஓரத்தில் மோதினான். மறுபடி மோதினான். ஷட்டர் கடகடவென்று மேலே ஏறி இறங்கியது. அந்தப் பையன் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினான், விரலிடுக்கில் ரத்தம். முன்பல் ஒன்று காகித ட்ரேயில் கிடந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? இன்னொரு பல் மிஷினுக்குள் போயிருக்குமோ என்று ட்ரேயைக் கழற்றித் தேடிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் செமஸ்டர் கணக்கு அவனுக்குத் தேறவேயில்லை. இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் போயிற்று. எண்பதுக்கு இருபத்தெட்டு வந்தால் போதும், வரவில்லை. இந்த முறையும் போனால் கிரெடிட் குறைந்து டிடெயின் ஆவான், அதாவது ஜூனியர்களோடு போய் உட்கார வேண்டும். "எங்கப்பா சொல்லிட்டாவ. இந்தத் தடவ போச்சுன்னா காலேஜும் கெடையாது, வீடும் கெடையாதாம். ஆபீஸ்ல இருந்து ரூல்தடி ஒண்ணு கொண்டாந்து வச்சிருக்காவலே, உருட்டுத்தடி" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்கு ட்யூப் ஞாபகம் வந்தது. அதையும் அவனிடம் சொன்னேன். "அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே டிபார்ட்மென்ட்" என்றான்.

தேர்வுக்கு முந்தின நாள் நண்பகல் வந்தான். படிக்கவில்லை. பழைய ரெகுலேஷனில் மைக்ரோ வேண்டும் என்றான். மைக்ரோ என்றால், தாளைப் பாதியாகக் குறுக்கி, குறுக்கியதை மறுபடி பாதியாக்கி, தீப்பெட்டி அகலத்துக்கு வெட்டி விசிறி மாதிரி மடிப்பது. ஹைதராபாத்தில் அதற்குச் சிட்டி என்று பெயர். ஊரில் பிட்டு என்பார்களே, அதுதான். முக்கியமான எட்டுக் கேள்விகளுக்கு எட்டுச் சிட்டி. தவறு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்தத் தெருவில் எல்லாக் கடையிலும் அது நடந்தது.

கூட்டத்துக்குப் பயந்து நான் முந்தின வாரமே இரண்டு ரெகுலேஷனிலும் பிரதிகள் எடுத்து அடுக்கி வைத்திருந்தேன். புதியதில் ஐம்பது, பழையதில் ஐந்து. மூலப்பிரதியை வெளியே எடுத்தால் ஏதாவது தாள் தொலைந்துவிடுமோ என்ற பயத்தில், அடுக்கிலிருந்து ஒரு பிரதியை எடுத்து, மூலையில் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, அதையே குறுக்கிக் கொடுத்தேன். எட்டையும் மூன்று முறை எண்ணினேன். "ஏலே, போதும்லே, எண்ணி எண்ணித் தேச்சிருவ" என்றான்.

மறுநாள் காலை எட்டரைக்குக் கடை திறந்ததும் ஒரு பெண் ஓடிவந்தாள். பழைய பேட்ச், அவளும் மறுதேர்வுக்காரிதான். "அன்னா, இதி மா ரெகுலேஷன் காது" என்று நான் கொடுத்திருந்த கட்டைக் கவுன்ட்டரில் போட்டாள். எங்கள் ரெகுலேஷன் இல்லை இது என்கிறாள். நான் மூலையைப் பார்த்தேன். புள்ளி இருந்தது. கருப்புப் புள்ளி. இன்னொரு அடுக்கை எடுத்துப் பார்த்தேன். அதிலும் கருப்புப் புள்ளி. நான் வைத்த சிவப்பும் நீலமும் எனக்கும் மூலப்பிரதிக்கும்தான். அந்த மிஷினுக்கு எல்லாமே கருப்பு. புதியது விற்றுக் குறைந்து ஒரே உயரமாகியிருந்த இரண்டு அடுக்குகளையும், முந்தின நாள் காலை கடை பெருக்குவதற்காக நானேதான் இடம் மாற்றி வைத்திருந்தேன்.

அந்தப் பெண்ணுக்குச் சரியானதைக் கொடுத்து அனுப்பியதும் பிரபா ஞாபகம் வந்தது. மூலப்பிரதியை எடுத்து எட்டு மைக்ரோ போட்டேன். வெட்டிய அவசரத்தில் கட்டை விரலைக் கொஞ்சம் சீவிக்கொண்டேன். மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, டீ குடிக்கப் போவதாகச் சொல்லி ஓடினேன். மணி ஒன்பதரை. தேர்வு பத்துக்கு.

பிரபா கல்லூரி வாசலுக்கு இந்தப் பக்கம் டீ வண்டியருகே நின்றிருந்தான். அவனைச் சுற்றி நான்கைந்து பேர். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு இறுக்கினான். "என்னலே, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? எனக்குப் பரீட்சையா ஒனக்கா?" எல்லோரும் சிரித்தார்கள். "இன்னைக்கு மட்டும் முடியட்டும், ஒனக்குப் பிரியாணிலே."

அவன் முழங்கை என் தொண்டைக்குக் கீழே இருந்தது. அந்தக் கையைத்தான் ஷட்டரில் பார்த்திருந்தேன். என் பையில் சரியான சிட்டிகள். அரை மணி நேரம் இருந்தது. சொல்லியிருந்தால் அடித்திருப்பான், சந்தேகமில்லை. அடித்துவிட்டுச் சிட்டியை மாற்றிக்கொண்டு உள்ளே போயிருப்பான். அந்த முதல் அடி எங்கே விழும், மூக்கிலா, காதிலா என்று என் தோல் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. அடிக்கு முன்னாலேயே வலிக்கிற உடம்பு இது. வாயைத் திறந்தேன்.

"ஒண்ணுமில்லபா. ஆல் தி பெஸ்ட்" என்றேன்.

பதினோரு மணிக்கு வந்தான். சட்டைக் காலர் கிழிந்து தொங்கியது. கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. யாதகிரி அண்ணா "க்யா ரே?" என்பதற்குள் கவுன்ட்டர் பலகையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து என் பின்கழுத்தைப் பிடித்தான். மிஷினின் மூடி திறந்திருந்தது. முகத்தை அப்படியே கண்ணாடியில் அறைந்தான். மூக்குக்குள் ஏதோ நெறிந்தது. "எட்டு சிட்டிலே! எட்டும் வேற!" மூடியை என் தலைமேல் இறக்கினான். தூக்கினான். மறுபடி இறக்கினான். "ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்தேம்லே... ஒண்ணாவது இருக்கும்னு... ஸ்குவாடு வந்துட்டான்..." அடிக்கும் அடிக்கும் நடுவில்தான் கதை வந்தது. பறக்கும்படைக்காரர் அவனைக் காலரைப் பிடித்து வகுப்புக்கு வெளியே இழுத்திருக்கிறார். எல்லோர் முன்னாலும் அறைந்திருக்கிறார். மால்பிராக்டிஸ் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அந்த ஒரு பேப்பர் மட்டுமல்ல, அந்த முறை எழுதிய எல்லாமே ரத்து.

அவன் முழங்கை பச்சைப் பொத்தானில் பட்டிருக்க வேண்டும். மூடிய இமைக்குள் ஓர் ஒளி இடமிருந்து வலமாகப் போயிற்று. மறுபடி போயிற்று. அதற்கு முந்தின வேலைக்கு ஆறு என்று எண் போட்டிருந்தேன். என்னை அவன் அடித்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க மிஷின் சமர்த்தாக ஆறு பிரதி எடுத்தது. கீழே விழுந்தபின் விலாவில் உதைத்தான். மூன்றோ நான்கோ, அதை மட்டும் நான் எண்ணவில்லை. தெருவிலிருந்து நான்கு பேர் வந்து அவனை இழுத்துக்கொண்டு போனார்கள்.

யாதகிரி அண்ணா ஓடிவந்து குனிந்தார். "க்ளாஸ் பகிலிந்தா ரா?" என்றார். கண்ணாடி உடைந்ததா என்று கேட்கிறார். உடையவில்லை என்றதும்தான் என் மூக்கைப் பார்த்தார். ட்ரேயில் ஆறு முகங்கள் கிடந்தன. நசுங்கிய கன்னம், கோணிய உதடு, ஒரு கண் திறந்தபடி. மூக்கிலிருந்து வழிந்தது கண்ணாடியில் கோடு போட்டிருந்தது. அதுவும் கருப்புதான். ஐந்தை அவர் கிழித்துப் போட்டார். ஒன்றை நான் ரத்தம் துடைக்க எடுத்தவன், துடைக்காமல் மடித்து வைத்துக்கொண்டேன்.

வீட்டில் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எவன்டா?" நான் சொல்லவில்லை. சட்டையைக் கழற்றவில்லை அவர், அதற்குப் பதிலாக இன்னொரு சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். எத்தனையோ வருடமாகச் சும்மா தொங்கிய ட்யூபை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு, கடையில் விசாரித்துக்கொள்வதாகச் சொல்லிச் சைக்கிளில் ஏறினார். வீங்கிய முகத்தோடு நான் கேரியரைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். "உட்றா. எம்புள்ளய அடிக்க அவன் யாரு?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் மூக்கு வலித்தது.

ஆறேழு வாரம் கழித்து பிரபா கடைக்கு வந்தான். நான் ஸ்டேப்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு மிஷினுக்குப் பின்னால் போய்விட்டேன். அவன் வலது கையில் மாவுக்கட்டு, மூன்று விரல்களைச் சேர்த்து. ரூல்தடி. நான் கேட்கவில்லை, அவனே, "எழுதுத கை எதுன்னு கேட்டுட்டுத்தாம்லே அடிச்சாவ" என்றான். கல்லூரியை விட்டாயிற்று. தூத்துக்குடியில் மாமாவின் லாரி ஆபீஸுக்குப் போகிறானாம். டிசிக்கும் மார்க் மெமோக்களுக்கும் பிரதி வேண்டும். எடுத்துக் கொடுத்தேன். மூன்று முறை எண்ணினேன். அவன் கிண்டல் செய்யவில்லை.

போகும்போது இடது கையால் கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றான். "ஏலே, ஒண்ணு கேக்கேன். அன்னைக்குக் காலைல டீ வண்டிகிட்ட வந்தியே. ஒனக்குத் தெரியுமாலே?"

ஒரு கையில் கட்டோடு இருக்கிறவன் எப்படி அடிப்பான்? அப்போதுகூட என் உடம்பு அதைத்தான் யோசித்தது.

"தெரியாதுபா. சும்மா டீ குடிக்க வந்தேன்."

தலையை ஆட்டினான். "அதான் நானும் நெனச்சேன். சாரிலே. ஒன் மூக்க ஒடச்சிருக்கப்பிடாது. ஒன் மேல தப்பு இல்ல." சொல்லிவிட்டு இடது கையை நீட்டினான். நானும் இடது கையையே கொடுத்தேன்.

இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் மோமோ விற்கிறார்கள். நான் மாதாப்பூரில் ஓர் அலுவலகத்தில் பிரிண்டர்களுக்குக் காகிதம் போடுகிறேன். ஒரு மூட்டை காகிதம் மாதக்கணக்கில் வருகிறது, யாரும் எதையும் அச்சடிப்பதில்லை. யாதகிரி அண்ணா போய்விட்டார். அப்பாவும். ட்யூப் குவார்ட்டர்ஸ் காலி செய்த அன்று ஆணியோடு அங்கேயே தங்கிவிட்டது. பிரபாவைப் போனில் தேடினேன். அந்தப் பெயரில் எத்தனையோ பேர் வருகிறார்கள், ஒருவருக்கும் கைவிரல்கள் தெரிகிற மாதிரி படம் இல்லை.

அந்தக் கடைசி உறையை இன்று காலை கத்தரிக்கோலால் வெட்டித் திறந்தேன். பழைய ஜெராக்ஸைப் பிளாஸ்டிக் உறையில் வைக்கக் கூடாது, டோனர் போய் உறையில் ஒட்டிக்கொள்ளும். எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். தாளை உரித்தேன். முகம் பிளாஸ்டிக்கோடு போய்விட்டது, பாதிக் கன்னம், ஒரு கண், அந்தக் கோடு. கையில் மிஞ்சியது அழுக்கு வெள்ளையாக ஒரு தாள்தான். அதன் மடிப்புக்குள், அன்று பையிலிருந்து எடுத்துக் கொடுக்காத எட்டுச் சிட்டிகள். உறை படாததால் எழுத்து ஒன்றுகூட உதிரவில்லை. நேற்று மடித்த மாதிரி இருந்தன. ஒன்றின் ஓரத்தில் என் கட்டை விரல் பட்ட கறை.

மகள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏன்ட்டிப்பா இதி, இவ்ளோ சின்னதா?" என்ன இது என்று கேட்கிறாள். ஒன்றை வாங்கிப் பிரித்து, போன் கேமராவைப் பெரிதாக்கி வரிவரியாகப் பார்த்தாள். இன்ஜினியரிங் படிக்கிறவள், அது எதற்கான சிட்டி என்று அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று காத்திருந்தேன். அதற்குள் என் முதுகு சுவரைத் தேடிப் போய்விட்டது.

"இது எங்க சிலபஸ்லயே இல்லப்பா" என்று திருப்பிக் கொடுத்தாள்.